பழைய சிடியிலிருந்து ஆவணக்காப்பகம் வரை: 24 பேரின் மூளைப்படங்களை மீட்ட பதிவு

பேராசிரியர் ஓய்வுபெற்ற மறுவாரமே அவருடைய அறையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஆளுக்கு ஒன்றாக 24 சிடிகள், நீல அட்டை போட்ட ஒரு நோட்டு, பட்டை வயர் கொண்டு இணைக்கும் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று. 2004ஆம் ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் நடந்த எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எம்ஆர்ஐ) ஆய்வில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். "இது குப்பைக்குப் போகக்கூடாது. நீ எடுத்துக்கொள் அம்மா" என்று மேடம் பெட்டியை என் கையில் கொடுத்தார். ஆய்வகத்தின் தரவுப் பொறுப்பு என்னுடையது. அந்தப் பெட்டியைப் பிரித்து, படித்து, சரிபார்த்து, வெளியே கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. இதே போன்ற பெட்டி பல அலமாரிகளில் இருக்கும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஆய்வு எளிமையானது. 24 தன்னார்வலர்கள், 1.5 டெஸ்லா காந்த வலிமை கொண்ட இயந்திரம். 30 விநாடி சும்மா படுத்திருக்க வேண்டும். அடுத்த 30 விநாடி வலது கைக் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. மூளை முழுவதையும் 3 விநாடிக்கு ஒருமுறை படமெடுத்தார்கள். அதோடு ஒவ்வொருவருக்கும் டி1 என்னும் நுணுக்கமான உருவப்படம் ஒன்று. கட்டுரை வெளியானது, தரவு அலமாரிக்குள் போனது. அந்தக் காலத்தில் எங்கும் அதுதான் நடைமுறை.

எங்கும் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் மைக்கேல் கஸானிகா முன்னின்று எஃப்எம்ஆர்ஐ தரவு மையம் ஒன்றைத் தொடங்கினார். கட்டுரை வெளியிட வேண்டுமானால் தரவையும் கொடுங்கள் என்று அவர் நடத்திய இதழ் கேட்டது. ஆய்வாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. சில ஆண்டுகளில் மையம் புதிய தரவு வாங்குவதையே நிறுத்திவிட்டது. காற்று திசை மாறியது 2009 டிசம்பரில். ஓய்வு நிலையில் எடுத்த மூளைப்படங்களை உலகின் பல ஆய்வகங்கள் ஒன்றாகக் கொட்டி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டன. 35 மையங்களின் 1,414 பேர் தரவைக் கொண்டு மறு ஆண்டு கட்டுரையும் வந்தது. தனித்தனியாக இருபது முப்பது பேரை வைத்துக்கொண்டு பார்க்க முடியாதவை ஆயிரம் பேரைச் சேர்த்தபோது தெரிந்தன. எங்கள் பெட்டியிலிருக்கும் 24 பேரும் அப்படி ஒரு பெரிய குவியலில் சேரத் தகுதியானவர்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். கூண்டு போன்ற அந்தக் குழாய்க்குள் தலையை அசைக்காமல் முக்கால் மணி நேரம் படுத்திருந்தவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்கு ஒரே ஒரு கட்டுரை போதாது.

சிடிகள்

முதல் நாள் எந்தச் சிடியையும் டிரைவில் போடவில்லை. சிடியின் கண்ணாடி போன்ற அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். உண்மையில் தரவுப் படலம் இருப்பது மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய வார்னிஷ் பூச்சின் அடியில். அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் நேராகத் தரவின் மீதே கீறுகிறோம் என்று பொருள். எங்கள் சிடிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. ஆறு சிடிகளில் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓரம் சுருண்டு, பசை பழுப்பேறியிருந்தது. அவற்றை உரிக்க முயலவில்லை. உரித்தால் படலமும் கூடவே வந்துவிடும். அடிப்பக்கத்தில் பூஞ்சை படிந்திருந்தவற்றை மட்டும் மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக்கூடாது. தரவு வட்டப்பாதையில் எழுதப்பட்டிருப்பதால் வட்டமாக விழும் கீறல் தொடர்ச்சியாக நீண்ட தூரத்தை அழிக்கும். குறுக்கே விழும் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

பிறகு கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்காமல், ஒவ்வொரு சிடியையும் முழு பிம்பமாக, அதாவது முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே எடுத்தேன். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் பயன்படுத்தினேன். முதல் சுற்றில் எளிதாக வருவதை எல்லாம் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிவிடும். அடுத்தடுத்த சுற்றுகளில் அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பி வரும். எதுவரை படித்தோம், எது வரவில்லை என்ற வரைபடம் தனிக்கோப்பில் இருக்கும். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் அதே சிடியைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனக்குப் பெரிதும் கைகொடுத்தது இதுதான். ஒரு டிரைவ் படிக்க மறுத்த பகுதியை இன்னொன்று படித்தது. தெரிந்தவர் வீடுகளிலிருந்தெல்லாம் டிரைவ் கேட்டு வாங்கி, மொத்தம் நான்கு டிரைவுகளை மாற்றி மாற்றிப் போட்டேன்.

19 சிடிகள் பழுதில்லாமல் வந்தன. மூன்று இழுபறிக்குப் பின் வந்தன. 17, 21 ஆகிய எண்ணுள்ள இரண்டும் வரவே இல்லை. எந்த டிரைவும் அவற்றைச் சிடி என்றே ஏற்கவில்லை.

பிம்பம் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. படம் திறக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மூளை முழுவதையும் ஒருமுறை படமெடுப்பது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 24 வெட்டுகள் (குறுக்குவெட்டுப் படங்கள்), மொத்தம் 104 சுற்றுகள். ஆக 2,496 டைகாம் (இயந்திரமே எழுதும் மருத்துவப் பட வடிவம்) கோப்புகள். டி1 படத்துக்கு 124 வெட்டுகள். ஒரு ஆளுக்கு 2,620 கோப்புகள் இருந்தாக வேண்டும். இழுபறியாக வந்த மூன்றில் ஒன்றில் 2,618தான் இருந்தன. அந்த இரண்டு வெட்டுகளும் ஒரே சுற்றைச் சேர்ந்தவை. முன்னும் பின்னும் உள்ள படங்களின் சராசரியை எடுத்து அந்த ஓட்டையை நிரப்பலாம் என்று ஆய்வகத்துத் தம்பி ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பகுப்பாய்வு செய்பவர் தன் பொறுப்பில் அதைச் செய்துகொள்ளட்டும். ஆவணமாக வைப்பதில் இல்லாததை இல்லை என்றே எழுத வேண்டும்.

348

இறந்துபோன இரண்டு சிடிகளின் தரவு பழைய ஹார்டு டிஸ்க்கில் வேறு வடிவத்தில் இருந்தது. 2004இல் பகுப்பாய்வுக்காக எல்லாப் படங்களையும் அனலைஸ் வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள். மேயோ கிளினிக்கில் உருவான வடிவம் அது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்புகள்: ஒன்றில் வெறும் எண்கள், மற்றொன்றில் 348 பைட் அளவுள்ள தலைப்பு.

அந்தத் தலைப்பின் முதல் எண்ணே அதன் சொந்த நீளம்தான், அதாவது 348. என் கணினி அதை 1543569408 என்று காட்டியது. கோப்பு கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து பைட் பைட்டாகத் திறந்து பார்த்தேன். 0, 0, 1, 92 என்று நான்கு பைட்டுகள். 256ஐயும் 92ஐயும் கூட்டினால் 348. எண் சரியாகத்தான் இருந்தது. எழுதிய கணினி பெரிய இலக்கத்தை முதலில் எழுதும் வகை, என் கணினி சிறிய இலக்கத்தை முதலில் படிக்கும் வகை. பழைய தரவைத் திறப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1543569408 என்று தெரிந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, பைட் வரிசையை மாற்றிப் படித்தால் போதும்.

அளவையும் சரிபார்த்தேன். 64க்கு 64 புள்ளிகள், 24 வெட்டுகள், புள்ளிக்கு 2 பைட்: ஒரு சுற்றுக்கு 196,608 பைட். ஒவ்வொரு கோப்பும் துல்லியமாக அதே அளவு. ஆனால் சுற்றுகள் 100தான் இருந்தன. டைகாமில் 104 அல்லவா? நோட்டில் விடை இருந்தது. இயந்திரம் தொடங்கியவுடன் முதல் சில படங்களில் காந்தமாக்கல் நிலைப்படாமல் பிரகாசம் கூடுதலாக இருக்கும். அதனால் முதல் நான்கை எடுத்து எறிந்திருக்கிறார்கள். நான்கு சுற்று என்றால் 12 விநாடி. முதல் விரல்தட்டல் 17ஆம், 21ஆம் நபர்களுக்கு 30ஆம் விநாடியில் தொடங்குகிறது, மற்ற 22 பேருக்கு 42ஆம் விநாடியில். இதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் ஒரே நேரக்குறிப்பைப் போட்டிருந்தால் தரவு அழகாகத் திறந்திருக்கும், முடிவு மட்டும் சத்தமில்லாமல் பிசகியிருக்கும்.

அதே தலைப்பில் இன்னொன்றையும் கண்டேன். நோயாளி அடையாளம் என்று பத்து எழுத்து இடம், தரவுத்தளப் பெயர் என்று பதினெட்டு எழுத்து இடம் இருக்கின்றன. கோப்பின் பெயரில் வெறும் எண்தான். ஆனால் உள்ளே அந்தப் பத்து எழுத்து இடத்தில் ஒரு மனிதரின் பெயர், பாதியில் வெட்டப்பட்டு நின்றது. அதைப் பார்த்தபோது கை சற்று நின்றுவிட்டது. இப்போது நாங்கள் பயன்படுத்தும் நிஃப்டி வடிவம் அனலைஸின் அதே 348 பைட் வீட்டில்தான் குடியிருக்கிறது. பழைய பதினெட்டு எழுத்து இடம் அதில் பயன்படாத அறையாக அப்படியே இருக்கிறது. சில மாற்றி நிரல்கள் அந்த அறையைத் துடைக்காமலே சாமானைக் கொண்டுபோய் வைத்துவிடும். சுருக்கிய கோப்புகளிலும் இதே ஆபத்து உண்டு. ஜிஜிப் சுருக்கும்போது கோப்பின் அசல் பெயரை உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு வெளியே பெயரை மாற்றினாலும் உள்ளே பழையது அப்படியே இருக்கும். ஆளின் பெயரிலிருந்த கோப்பைச் சுருக்கி, அப்புறம் எண் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் விரித்து, எண் கொடுத்து, பெயரைச் சேமிக்காதே என்ற கட்டளையோடு மறுபடி சுருக்கினேன். கடைசியில், 24 பேரின் பெயர்களையும் முதலெழுத்துகளையும் வைத்து எல்லாக் கோப்புகளின் பைட்டுகளுக்குள்ளும் தேடும் சிறு நிரல் எழுதி ஓட்டினேன். மூன்று இடங்களில் மாட்டியது.

இடமா, வலமா

என் தூக்கத்தைக் கெடுத்தது இந்தப் பகுதிதான்.

டைகாம் கோப்பில் ஒவ்வொரு வெட்டும் உடலின் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நோக்கி எழுதப்பட்டது என்ற விவரம் எண்களாக இருக்கும். அனலைஸில் திசைக்கென்று இருப்பது ஒரே ஒரு பைட். பல மென்பொருள்கள் அதையும் பொருட்படுத்தியதில்லை. மூளை ஏறத்தாழ இருபுறமும் ஒத்திருப்பதால், கண்ணாடியில் தெரிவது போல் திரும்பிவிட்ட படத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மேல் கீழ் மாறினால் குழந்தைகூடச் சொல்லிவிடும். இடம் வலம் மாறினால் நிபுணரும் ஏமாறுவார். இது பழங்கதை இல்லை. மூளைப்படங்களைப் பகுப்பாய்வு செய்யும் அஃப்னி மென்பொருளை உருவாக்கியவர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரையில், பலரும் பயன்படுத்திவந்த பொதுத் தரவுத்தொகுப்புகளிலேயே இப்படித் திரும்பிய படங்களைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

எங்களிடம் 22 பேருக்கு டைகாமும் இருந்தது, அனலைஸும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் மாற்றிய முறை தெரிந்துவிடும், அதே முறையை 17க்கும் 21க்கும் பொருத்திவிடலாம் என்று நினைத்தேன். ஒப்பிட்டபோது 13 பேரின் படங்கள் நேராக இருந்தன, 9 பேருடையவை திரும்பியிருந்தன. வரிசையில் ஒழுங்கே இல்லை. மேடத்திடம் தொலைபேசியில் கேட்டேன். "இரண்டு மாணவர்கள் மாற்றினார்கள், இரண்டு கணினி. யார் யாருடையதை மாற்றினார்கள் என்று எழுதிவைக்கச் சொல்லத் தோன்றவில்லையே அம்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அந்தக் காலத்தில் யாருக்குமே தோன்றியிருக்காது என்று சொன்னேன், அதை மனதாரத்தான் சொன்னேன்.

மறுபடி நோட்டுக்குத் திரும்பினேன். ஒவ்வொருவர் வரிசையிலும் 'கேப்ஸ்யூல்' என்று ஒரு கட்டம். 23 பேருக்கு டிக், ஒருவருக்குப் பெருக்கல் குறி. தன்னார்வலர்களுக்கு ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அதைத் தரவோடு அறிவிக்க வேண்டுமே என்று முதலில் கவலைப்பட்டேன். அன்றைக்கு இயந்திரத்தை இயக்கிய ரேடியோகிராபர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. மாலையில் அவர் வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் சிரித்தார்.

"மாத்திரை சாப்பிடக் கொடுக்கவில்லை அம்மா. வைட்டமின் ஈ கேப்ஸ்யூல். பிளாஸ்திரி போட்டு, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பொட்டில் ஒட்டுவேன். எண்ணெய் அல்லவா, படத்தில் பளிச்சென்று தெரியும்."

"எந்தப் பொட்டில் அண்ணா?"

"வலது. எப்போதும் வலது." தன் வலது பொட்டை விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

அன்றிரவே ஆய்வகத்துக்குத் திரும்பி 17ஆம் நபரின் டி1 படத்தைத் திறந்தேன். வெட்டுகளைக் கீழிருந்து மேலாக நகர்த்திக்கொண்டே போனேன். கண்ணின் மட்டத்தைத் தாண்டியதும், தோலுக்கு வெளியே, கறுப்பு வெளியில், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்தது. ஐந்தாறு வெட்டுகள் இருந்தது, பிறகு மறைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கவனமாகப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய கேப்ஸ்யூல். அது மென்பொருள் 'இடது' என்று காட்டிய பக்கத்தில் இருந்தது. ஆக 17 திரும்பியிருக்கிறது. திருத்தினேன்.

பெருக்கல் குறி யாருக்கு என்று ஊகித்திருப்பீர்கள். 21.

உருவப்படம் ஒன்று, 3 விநாடிக்கு ஒருமுறை எடுத்த செயல்படம் வேறொன்று. இரண்டையும் வேறுவேறு ஆட்கள் மாற்றியிருக்கலாம் என்பதால் ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்ய முடியாது. செயல்படத்துக்கு வேறொரு சாட்சி இருந்தது, விரல்தட்டலே அது. எல்லோரும் வலது கையைத்தான் அசைத்தார்கள். வலது கையை இயக்குவது மூளையின் இடப்பக்க இயக்கப் புறணி. நடுப்பள்ளத்துக்கு முன்னால், கைக்கான இடம் ஒரு குமிழ் போலப் புடைத்திருக்கும். தட்டிய 30 விநாடிகளில் எங்கே சமிக்ஞை கூடுகிறது என்று பார்த்தால் இடப்பக்கம் எது என்று மூளையே சொல்லிவிடும். இந்தச் சோதனை நம்பத்தக்கதா என்று முதலில் திசை தெரிந்த 22 பேரிடம் ஓட்டிப் பார்த்தேன். 20 பேருக்குச் சரியான பக்கத்தில் தெளிவாக வந்தது. இரண்டு பேர் தலையை அதிகம் அசைத்திருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. 17, 21 இருவருக்கும் தெளிவாக வந்தது. 17இன் செயல்படம் நேராகவே இருந்தது, 21இன் செயல்படம் திரும்பியிருந்தது.

மிஞ்சியது 21இன் உருவப்படம் மட்டும். அதை நேராகவும் திருப்பியும் செயல்படத்தோடு பொருத்திப் பார்த்து, எது நன்றாக ஒட்டுகிறது என்று அளந்தேன். திருப்பியது சற்று நன்றாக ஒட்டியது. அந்தச் 'சற்று' எனக்குப் போதவில்லை. ஐயம் என்று எழுதி, அடுத்த வேலைக்குப் போனேன்.

சம்மதம்

2004ஆம் ஆண்டின் சம்மதப் படிவத்தில் தரவைப் பிறருக்குக் கொடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பெயரை நீக்கிவிட்டால் போதுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. தலையின் எம்ஆர்ஐ படத்தில் முகமும் இருக்கிறது. மென்பொருளில் தோலின் மேற்பரப்பைத் திரட்டி உருவமாக்கினால் மூக்கு, நெற்றி, உதடு எல்லாம் எழுந்து நிற்கும். 2019இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் எம்ஆர்ஐ முகங்களை அவர்களின் சாதாரணப் புகைப்படங்களோடு முகமறி மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாகக் கண்டுபிடித்தது.

நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்தோம். யாரைத் தேடிப்பிடித்து மறுசம்மதம் வாங்க முடிகிறதோ அவர்கள் தரவை மட்டும் பொதுவில் வைக்கலாம், மற்றதை நிறுவனத்துக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டும் என்று முடிவானது. நியாயமான முடிவு. 24 பேரில் 16 பேரைக் கண்டுபிடித்தோம். 14 பேர் சம்மதித்தார்கள், இருவர் மறுத்தார்கள். மறுத்தவர்களிடம் ஏன் என்று கேட்கவில்லை.

இவ்வளவு பேர் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய நிறைவு. நம் ஊரிலும் இந்தப் பகிர்தல் வேரூன்றுகிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற பெயரில், கருவில் வளரும் பருவத்துச் சிசுக்களின் மூளைகளை 5,132 வெட்டுகளாகச் செல் அளவு நுணுக்கத்தில் படமெடுத்து, 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவைத்தது. அதன் முன் எங்கள் பெட்டி மிகச் சிறியது. ஆனால் பகிர்வதற்குப் பெரிய மையமாக இருக்க வேண்டியதில்லை.

21ஆம் நபர் அன்று கல்லூரி மாணவி. இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. நான் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும், "அன்றைக்கு ஒரு ஃபிலிம் கொடுத்தார்கள், இன்னும் வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு வேண்டுமா மேடம்?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. இயந்திரத்திலிருந்து நேரே அச்சாகும் ஃபிலிமில், ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வலம் இடம் என்பதற்கான எழுத்தை இயந்திரமே போட்டுவிடும். எந்த மாணவரின் கணினியும் அதைத் தொட்டிருக்காது. பெயர் இருக்கும் மூலையை விரலால் மறைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பழுப்பு உறையில் இருந்ததாம். வந்த படத்தில் எழுத்துகள் நேராக இருந்தன. எனவே ஃபிலிமைப் பின்புறமாகப் பிடிக்கவில்லை. மூளையின் நடுவில் திரவம் நிறைந்த இரண்டு அறைகள் இருக்கும். அவருக்கு ஒரு பக்க அறையின் பின்கொம்பு மற்றதைவிட நன்றாக நீண்டிருந்தது. ஃபிலிமில் அது இடப்பக்கம். என்னிடமிருந்த கோப்பில் வலப்பக்கம். திரும்பியதுதான்; பொருத்திப் பார்த்த சோதனை சொன்னதும் சரி. 'ஐயம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'ஃபிலிம் கொண்டு உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதினேன்.

அடுக்கி வைத்தல்

இதற்கெல்லாம் பிறகுதான் முகநீக்கம் செய்தேன். வரிசை முக்கியம். முகத்தை நீக்கும் நிரல் பொட்டுப் பகுதியையும் சேர்த்து அழித்துவிடலாம், கேப்ஸ்யூலும் அதோடு போய்விடும். திசையை உறுதிசெய்யாமல் முகத்தை எடுத்திருந்தால் 17இன் சாட்சியை நானே அழித்திருப்பேன். பைடிஃபேஸ் நிரல் பெரும்பாலும் நன்றாக வேலை செய்தது. இரண்டு பேருக்கு மட்டும் முன்மூளையின் நுனியையும் கொஞ்சம் கடித்துவிட்டது. அவற்றின் மறைப்பைக் கையால் நகர்த்திச் சரிசெய்தேன். 24 பேரையும் ஒவ்வொருவராகக் கண்ணால் பார்க்காமல் இந்த வேலையை முடித்ததாகச் சொல்லக்கூடாது.

கோப்புகளை அடுக்கியது 2016இல் வெளியான பிட்ஸ் என்ற ஒழுங்கின்படி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் உருவப்படம் தனி, செயல்படம் தனி. பெயரைப் பார்த்தாலே யார், எந்தப் பணி, என்ன வகைப் படம் என்று தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் விவரக்கோப்பு. தட்டல் தொடங்கிய நேரம், நீடித்த நேரம் ஆகியவற்றுக்கு ஓர் அட்டவணை. சரிபார்ப்பு நிரலை ஓட்டியதும் சுற்று நேரத்தில் பிழை காட்டியது. பிட்ஸ் விநாடியில் கேட்கிறது. பழைய தலைப்பு அலகே சொல்லாமல் 3000 என்று வைத்திருந்தது. வெட்டுகள் எடுத்த வரிசை நோட்டிலும் இல்லை, டைகாமிலும் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஏன் வெறுமை என்று விளக்கக் குறிப்பில் எழுதினேன். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டிருந்தால் அடுத்தவர் அதை அளந்த எண் என்றே நம்புவார்.

பங்கேற்பாளர் அட்டவணையில் வயது, பாலினம், பழக்கக் கை ஆகியவற்றோடு, நானாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: திசைக்குச் சாட்சி எது. பொதுவில் வைத்த அட்டவணையில் 13 பேருக்கு 'டைகாம்', 21க்கு 'விரல்தட்டல், ஃபிலிம்'. 17ஆம் நபரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய தரவு உள்ளே பூட்டியிருக்கிறது, அங்குள்ள அட்டவணையில் 'கேப்ஸ்யூல், விரல்தட்டல்' என்று இருக்கிறது.

14 பேரின் தரவையும் ஓப்பன்நியூரோ என்ற பொதுத் தரவுக் காப்பகத்தில் ஏற்றினேன். முழுத் தொகுப்பும் ஒரு ஜிபிக்குள்தான். இரவு சாப்பாட்டுக்கு முன் ஏறி முடிந்துவிட்டது. நிரந்தர எண் கிடைத்ததும் அதை மேடத்துக்கும், ரேடியோகிராபர் அண்ணனுக்கும், சம்மதித்த 14 பேருக்கும் அனுப்பினேன். நோட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பெயர்களை மறைத்து அதையும் சேர்த்திருக்கிறேன். உள்தரவின் மூன்று நகல்களில் ஒன்று வேறு ஊரில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஹாஷ் எண் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்.

24 சிடிகளும் புதிய உறைகளில், நிமிர்த்தி, அதே அலமாரியில் இருக்கின்றன. 17, 21 இரண்டையும் எறியவில்லை. ஐந்தாவதாக ஒரு டிரைவ் கிடைத்தால் மறுபடி போட்டுப் பார்ப்பேன்.